சில்லுமூக்கு உடைகிற குடும்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நம் வீடுகளில், "உடம்புச் சூடு, சில்லுமூக்கு உடைஞ்சிருக்கு" என்பார்கள். டர்பன் வெயிலில் பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆயாவுக்கும் வந்தது, அப்பாவுக்கும் வருகிறது, தங்கச்சிக்கும் அடிக்கடி வருகிறது என்றால் வெயில்மேல் பழி போட முடியாது.

எச்.எச்.டி. (HHT) என்று ஒரு பரம்பரை ரத்தக்குழாய் நோய் உண்டு. ஆஸ்லர்-வெபர்-ரெண்டு (Osler-Weber-Rendu) நோய் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 5000 பேரில் ஒருவருக்கு இருக்கும். தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய் இல்லாமல் நேரே சேர்ந்துகொள்ளும். அந்த இடம் மெலிந்து கசியும். மூக்கில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். நுரையீரல், மூளை, கல்லீரலில் இருப்பது வெளியே தெரியாது.

இத்தாலியில் செய்து 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் அறிகுறி தெரிந்து நோய் உறுதியாகச் சராசரியாக 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு தலைமுறையே வளர்ந்துவிடும் காலம் அது. மூக்குக்கு ஒரு டாக்டர் பஞ்சு வைப்பார். சோகைக்குக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை கிடைக்கும். மூச்சு வாங்கினால் ஆஸ்துமா பம்ப். மூன்றையும் ஒருவரே சேர்த்துப் பார்ப்பது அரிது.

இந்தத் தாமதத்துக்கு நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டர்பன் மேகசின் பேரக்ஸில் ஒரே வரிசையில் குடியிருந்த சொந்தபந்தங்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டம் பெயர்த்தெறிந்தது. சாட்ஸ்வர்த்தில் பெரியப்பா, ஃபீனிக்ஸில் அத்தை, லெனேசியாவில் சித்தப்பா. யாருக்கு என்ன வியாதி என்று யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு வேண்டியதோ அந்தக் கதைதான். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இந்த நோயைக் கண்டறிய 2000-ல் வந்த குராசோ விதிகள் நான்கைப் பார்க்கச் சொல்கின்றன: காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் மூக்கு ரத்தம்; உதடு, நாக்கு, விரல்நுனியில் சிவப்புப் புள்ளிகள்; உள்ளுறுப்பில் இப்படிப்பட்ட குழாய்கள்; பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இதே நோய். மூன்று இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். கறுத்த உதட்டில் புள்ளி தெரியாமல் போகலாம். நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நுரையீரலில் அப்படி ஒரு குழாய் இருந்தால் ரத்தக்கட்டியும் கிருமியும் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகும். இளவயதிலேயே பக்கவாதம், மூளையில் சீழ்க்கட்டி வரலாம். கண்டுபிடித்துவிட்டால், தொடைவழியாகக் குழாய் விட்டு அதை அடைத்துவிடலாம். பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளை பெறப்போகும் பெண்கள், நுரையீரலில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்தில் அந்தக் குழாய் உடைந்து நெஞ்சுக்குள் ரத்தம் கொட்டலாம். கர்ப்பிணி இருமும்போது ரத்தம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடும்பத்தில் எச்.எச்.டி. இருப்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.