வீட்டு வரைபடத்துக்கு எந்த மென்பொருளை வாங்குவது?

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் வரைபட மேசையிலிருந்து பேசுகிறேன். படவரைஞராகத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகள் பலர், கணினியில் கட்டடப் படம் வரையும் மென்பொருட்களில் ஓட்டோகாட் வாங்குவதா, ரெவிட் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். உங்கள் கோப்பு அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வீட்டு வேலை நில அளவையாளரின் படத்தில் தொடங்கி, நம் மேசைக்கு வந்து, பொறியியலாளரிடம் போய், பிரதேச சபையின் அனுமதி பெற்று, முடிவில் மேசனின் கையில் கடதாசியாக நிற்கிறது. அந்த வழியில் பெரும்பாலும் கைமாறுவது டீ.டபிள்யூ.ஜீ கோப்பு, அதாவது 1982இல் வெளிவந்த ஓட்டோகாட்டின் சொந்தக் கோப்பு வகை. 2016 முதல் ஓட்டோகாட்டுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்கப்படுவதில்லை, சந்தாதான் கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று வீட்டுப்படம் வரைபவருக்கு அது பாரம். அதே கோப்பை நேரடியாகத் திறந்து சேமிக்கும் பிறிக்ஸ்காட்டை அவர் நிரந்தர உரிமத்துடன் வாங்கலாம். இலவசமான லிப்ரேகாட் இருபரிமாணப் படத்துக்கு மட்டுமே உரியது, மென்பொருட்களுக்கிடையே படம் பரிமாறப் பயன்படும் டீ.எக்ஸ்.எஃப் கோப்பாகத்தான் சேமிக்கும்.

எதை வாங்கினாலும் அலகைச் சரிபாருங்கள். தொழில் தொடங்கிய காலத்தில், மீற்றரில் இருந்த நில அளவைப் படத்தை அங்குலத்தில் இருந்த என் வீட்டுப்படத்துக்குள் அப்படியே ஒட்டினேன். ஒரு மீற்றருக்கு 39.37 அங்குலம்; அந்த எண்ணால் பெருக்காததால் இரண்டு பரப்புக் காணி முழுவதும் ஒரு கதவு நிலையின் அகலத்துக்குள் அடங்கியது. கண்மதிப்பில் இழுத்துப் பெருப்பித்தபோது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம் பிழைத்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கழிவு கிணற்றைச் சேரக்கூடிய நம் மண்ணில் அது சிறிய பிழை அன்று. படத்தை முழுவதுமாகத் திரும்ப வரைந்தேன்.

ரெவிட் வேறு வகை, அதில் வீட்டை ஒரே முப்பரிமாண மாதிரியாக அமைக்கிறோம். ஒரு சுவரை நகர்த்தினால் தளப்படம், வெட்டுமுகம், முகப்பு எல்லாம் தாமாகவே மாறும் என்பதால், நடு முற்றத்தை நோக்கி நாலு பக்கமும் கூரை சரியும் நாற்சார் வீட்டை வரையும்போது அதன் அருமை தெரியும். ஆனால் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. ஆகவே உங்கள் பொறியியலாளர் எந்த ஆண்டுப் பதிப்பை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

வாங்குமுன் பரீட்சார்த்தப் பதிப்பில், உங்கள் பொறியியலாளர் அனுப்பிய கோப்பொன்றைத் திறந்து, ஒரு சுவரை நகர்த்தி, தமிழில் ஒரு குறிப்பும் எழுதிச் சேமித்து, அவருக்கே திருப்பி அனுப்புங்கள். எழுத்துகளும் அளவுக்கோடுகளும் அவருடைய கணினியிலும் அப்படியே தெரிகின்றனவா என்று உறுதிசெய்த பின்னர் பணத்தைக் கட்டுங்கள்.