ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிய கிதார்: பிளாக் சபாத் எழுந்த கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ராக் இசையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பீட்டில்ஸ் குழு பிறந்த லிவர்பூலிலிருந்து தொடங்குவார்கள். பிளாக் சபாத் என்ற ராக் குழுவைப் பற்றிப் பேச வந்த நான், அது பிறந்த இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து தொடங்குகிறேன். 1965ஆம் ஆண்டு, அந்நகரத்துத் தகட்டு ஆலை ஒன்றில் பதினேழு வயது இளைஞரின் கை இயந்திரத்தில் சிக்கிய பிற்பகலிலிருந்து.

அந்த இளைஞர், பின்னாளில் பிளாக் சபாத்தின் கிதார் கலைஞரான டோனி அயோமி. வேலையில் அவருக்கு அன்று கடைசி நாள். இசைக்குழு ஒன்றுடன் ஜெர்மனிக்குப் புறப்படவிருந்தவர், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மீண்டும் ஆலைக்குப் போக வேண்டாம் என்றே எண்ணினார். எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். வழக்கமாக வெல்டிங் செய்பவர், அன்று வராத ஒருவருக்குப் பதிலாகத் தகடு வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றார். வலக்கை நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டியதே அந்த வலக்கைதான்.

இனி வாசிக்க இயலாது என்றார்கள். அப்போது ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் உலகம் வியக்க கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்டின் தட்டு அது. அந்த மேற்பார்வையாளரை நான் மிகுந்த நன்றியோடு நினைப்பதுண்டு. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு ஏற்ற உறைகளாகத் தேய்த்து, பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டார். கனமான தந்திகளை அழுத்தினால் வலித்தது. மெல்லிய கிதார் தந்திகள் கடையில் கிடைக்காத காலம் என்பதால் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் தந்திகளை எடுத்துக் கட்டினார். விரல்கள் நிறைய வேண்டிய ஸ்வரக் கூட்டுகள் கடினமாகிவிட்டமையால், இரண்டு மூன்று ஸ்வரங்களையே முழு வலுவோடு ஒலிக்கச் செய்யும் வாசிப்பை வளர்த்துக்கொண்டார். பின்னர், 1971இல் வந்த பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தின் சில பாடல்களில் தந்திகளையே தளர்த்தினார். நம் வழக்கில் சொன்னால், மூன்று கட்டையில் நிற்க வேண்டிய கிதார் ஒன்றரைக் கட்டைக்கு இறங்கியது. இழுவிசை குறைந்ததால் விரலுக்கு நோவு குறைந்தது. ஒலியோ அதுவரை ராக் இசையில் கேட்டிராத அளவுக்குக் கனத்தது.

ஆலைகளின் இரைச்சல் இக்குழுவின் இசைக்குள் புகுந்தது என்று பலரும் சொல்வதுண்டு, குழுவினரும் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தொழிலாளியின் உடலுக்கு நேர்ந்தது இசையின் வடிவத்தையே மாற்றியது என்பதற்கு அந்த இரு விரல்களைவிட உறுதியான சான்றை நான் அறியேன்.

1968இல் அயோமியுடன் சேர்ந்த மூவரும் பர்மிங்காமின் ஆஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்தவர். பேஸ் கிதார் வாசித்த கீசர் பட்லர் கணக்கு எழுதும் வேலையிலிருந்து வந்தவர், பெரும்பாலான பாடல் வரிகள் அவருடையவை. டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்ட். பிளாக் சபாத் என்பது அவர்கள் ஒரு பேய்ப் படத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்.

முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதன் முதற்பாடலுக்கு உயிராக இருப்பவை மூன்றே ஸ்வரங்கள்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். நம் காதுக்குக் கல்யாணியில் இனிக்கின்ற ஸ்வரம்தான் அது. ஐரோப்பிய இசை வழக்கிலோ ஷட்ஜத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளிக்குப் பிசாசின் பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சமத்தின் வாயிலில் நின்று உள்ளே போகாமல் நடுங்கும் அந்த ஸ்வரத்தை, மழையொலிக்கும் தேவாலய மணியோசைக்கும் பிறகு, அத்தனை மெதுவாகக் கேட்கும்போது உடல் சிலிர்க்கிறது.

விமர்சகர்கள் இகழ்ந்தார்கள், மக்கள் வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் தொடக்கப் பாடல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்போரைச் சாடுகிறது. சாத்தானை வழிபடுவோர் என்று இவர்களைத் தூற்றியவர்கள் இந்த வரிகளைக் கேட்டார்களா என்பது எனக்கு ஐயமே. அவர்கள் கழுத்தில் அணிந்த உலோகச் சிலுவைகளோ ஓஸியின் தந்தை, ஒரு தொழிற்கூட ஊழியர், தம் கையால் செய்து கொடுத்தவை.

1979இல் ஓஸி நீக்கப்பட்டதும், அவரிடத்தில் பாட ரோனி ஜேம்ஸ் டியோ வந்ததும், பின்னர் பலர் மாறியதும் நீண்ட கதை. தாக்கம் அதனால் குறையவில்லை. 2006இல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்களை வரவேற்றுப் பேசியவர்கள், புகழ்பெற்ற மெட்டல் குழுவான மெட்டாலிக்காவினர். சியாட்டில் நகரத்து கிரஞ்ச் குழுக்கள் முதல் மெதுவான, கனத்த இசையை டூம் மெட்டல் என்று தனிக் கிளையாகவே வளர்த்தவர்கள் வரை, தந்தியைத் தளர்த்தி மெதுவாக வாசிக்கும் எவரும் அயோமியின் வழியில் நடப்பவரே.

அவர்களை வளர்த்த நகரம் காலம் தாழ்த்தியே அவர்களைக் கொண்டாடியது. 2019இல் பிராட் தெருவின் கால்வாய்ப் பாலத்துக்குக் குழுவின் பெயரைச் சூட்டியது. 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே இவர்களின் இசைக்கு நடனம் அமைத்தது. 2025 ஜூலை 5 அன்று, ஓஸி சிறுவனாக வளர்ந்த வட்டாரத்திலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில், நால்வரும் இறுதியாக ஒரே மேடையில் வாசித்தார்கள். பார்கின்சன் நோயால் நிற்க இயலாத ஓஸி, அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். பதினேழு நாட்களில் மறைந்தார். இறுதி ஊர்வலம் பிராட் தெரு வழியே வந்து அந்தப் பாலத்தில் நின்றபோது, சாலையின் இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் அவர் பெயரைச் சொல்லி முழங்க, ஊர்க்காரர்களின் பித்தளை வாத்தியக் குழு பிளாக் சபாத்தின் பாடல்களை வாசித்தபடி முன்னே நடந்தது.