கையெழுத்து மேலேயா, கீழேயா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோவில் கணக்கு, பள்ளிப் பெற்றோர் சங்கக் கணக்கு பார்ப்பவர்கள் சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். செலவுப் பாரத்தின் கடைசியில் வாங்கும் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிட்டால் யாரும் பொய்க்கணக்கு எழுத மாட்டார்களாம். அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்களாம்.

ஆராய்ச்சி வந்தது உண்மைதான், 2012-இல். எழுதிய ஐவரில் டேன் ஏரியலி, பிரான்செஸ்கா ஜீனோ இருவரும் மனித நடத்தையை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர்கள். அதிலிருந்த மூன்று சோதனைகளில் பெரியது கார் காப்புறுதி பற்றியது. காரின் மீட்டர் எண்ணை வாடிக்கையாளரே எழுதித் தர வேண்டும்; முன்பு ஒரு முறை, பிறகு இரண்டாம் முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓட்டிய தூரம். இரண்டாம் முறை குறைத்து எழுதினால் பணம் மிச்சமாகலாம். மேலே கையெழுத்துப் போட்டவர்கள், கீழே போட்டவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 2,400 மைல் கூடுதலாக ஓட்டியதாக ஒப்புக்கொண்டார்களாம். 13,000-க்கும் மேற்பட்ட பாரங்கள். யாருக்கும் நம்பத்தான் தோன்றும்.

2020-இல் அதே ஐவரும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு திரும்பச் செய்து பார்த்தார்கள். மேலே போட்டாலும் கீழே போட்டாலும் பொய் ஒரே அளவுதான். ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: பழைய காப்புறுதிக் கணக்கு முழுவதையும் பொதுவில் வைத்தார்கள். குட்டு அங்கேதான் உடைந்தது.

2021 ஆகஸ்டில் ‘டேட்டா கோலாடா’ என்ற பெயரில் எழுதும் மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை அலசி வெளியிட்டார்கள். கணக்கு வாத்தியாரான எனக்கு இந்த இடம் சர்க்கரைப் பொங்கல். நம் ஊரில் நூறு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர் உண்டு, வெள்ளிக்கிழமை கோவிலுக்கு மட்டும் காரை எடுக்கும் தாத்தா உண்டு. பெரும்பாலோர் நடுவில் குவிவார்கள். மிக அதிகமாக ஓட்டுகிறவர்கள் சிலரே இருப்பார்கள். அந்தக் கணக்கிலோ 0 முதல் 50,000 மைல் வரை எந்த அளவை எடுத்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கார்கள். 50,000-ஐத் தாண்டியது ஒன்றுகூட இல்லை! கையால் எழுதுகிறவர்கள் பலர் ஆயிரத்தில் முடியும் முழு எண்ணாக்கித்தான் எழுதுவார்கள். முதல் முறை எழுதிய எண்களில் அந்தப் பழக்கம் தெரிந்தது. இரண்டாம் முறை எண்களில் அதைக் காணோம். போதாக்குறைக்கு, முதல் முறை எண்களில் பாதி காலிப்ரி எழுத்துருவில், பாதி கேம்பிரியா எழுத்துருவில். ஒன்றில் இருக்கும் காருக்கு மற்றதில் ஓர் இரட்டைப் பிறவி, ஆயிரம் மைலுக்குள் வித்தியாசம் வைத்து. திருடியவன் சட்டையைக்கூட மாற்றவில்லை.

செப்டம்பரில் அந்த 2012 கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்களை நான் புனையவில்லை என்கிறார் ஏரியலி. 2023-இல் அதே கட்டுரையின் இன்னொரு சோதனை மீது, ஜீனோ பொறுப்பில் நடந்ததன் மீது, குற்றச்சாட்டு எழுந்தது. அவரும் மறுக்கிறார், ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 2025-இல் அவருடைய நிரந்தரப் பதவியை நீக்கியது.

ஆனால் மோசடியை மட்டும் பேசினால் விஷயம் திசைமாறிவிடும். யாரும் எதையும் புனைந்ததாகத் தெரியாத ஆய்வுகளும் இப்படி விழுகின்றன. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினாலே ஏமாற்று குறையும் என்றது 2008-இல் வந்த ஓர் ஆய்வு. 2018-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே சங்கத்தாரே, பாரத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே கையெழுத்து வாங்குங்கள். ரசீதுகளை இரண்டு பேராகப் பாருங்கள். அதற்கு ஹார்வர்ட் வேண்டாம்.

எல்லா ஆய்வும் வீண் என்று சொல்ல வரவில்லை. 2019-இல் வந்த பர்ஸ் சோதனை எனக்குப் பிடித்தது. 40 நாடுகள், மலேசியாவும் உண்டு; 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். ‘வழியில் கிடந்தது’ என்று வங்கி, ஹோட்டல் முகப்புகளில் கொடுத்துவிட்டு, உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்தார்கள். பணம் இல்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் தகவல் வந்தது. பணம் உள்ளதற்கு 51. யாரும் எதிர்பார்க்காத முடிவு.

ஆனால் அவர்கள் எண்ணியது மின்னஞ்சலை மட்டும். 2023-இல் சீனாவில் மறுபடி செய்தவர்கள், மின்னஞ்சல் அனுப்பாத பலர் பர்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததைக் கண்டார்கள். நம் ஊர்க் காப்பிக்கடைக்காரரிடம் ஒரு பர்ஸைக் கொடுங்கள். கல்லாப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைப்பார். ஈமெயில் மட்டும் எழுத மாட்டார். அந்தச் சோதனையின் கணக்கில் அவர் திருப்பித் தராதவர்.

நன்றி, வணக்கம்.