சாக்லேட் செய்த வேலை இல்லை இது

[திரையில்: நள்ளிரவு. பாத்ரூம் விளக்கு மறுபடியும் எரிகிறது.]

ஏழு வயதுப் பிள்ளை. ராத்திரியில் நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போகிறது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது. இரண்டே வாரத்தில் சட்டை தொளதொளத்துவிட்டது. ரத்தம் பார்த்தால் சர்க்கரை 450. வீட்டில் எழும் முதல் பேச்சு, "சாக்லேட் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டீங்க!"

பாவம், சாக்லேட். இது டைப் 1 சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. அறிகுறி தெரிந்தது இரண்டு வாரமாகத்தான். அழிவு தொடங்கிப் பல மாதமோ, பல வருடமோ ஆகியிருக்கும்.

[திரையில்: நுண்ணோக்கியில் கணையம்]

1965-ல் பிரஸ்ஸல்ஸில் வில்லி கெப்ட்ஸ் என்ற மருத்துவர், நோய் வந்த கொஞ்ச நாளிலேயே இறந்தவர்களின் கணையத்தைப் பார்த்தார். இன்சுலின் சுரக்கும் திட்டுகளை வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன. 1974-ல் லண்டனில் போட்டாஸோவும் டோனியாக்கும் அந்தத் திட்டுகளைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதங்களை, ரத்தத்திலேயே கண்டார்கள்.

கொல்லும் வேலை முக்கியமாக டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்களுடையது. ஆன்டிபாடி அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. ஆனால் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க முடிவது ஆன்டிபாடியைத்தான்.

[திரையில்: பின்லாந்து, பனி, தொட்டில்]

இந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடு பின்லாந்து. அங்கே 1994 முதல், மரபணுவில் ஆபத்து தெரிந்த குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே கவனிக்கிறார்கள். இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி பல குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது, பேச்சே திருந்தாத வயதில்! பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்றின் கணக்கையும் 2013-ல் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வகையோ அதற்கு மேலோ ஆன்டிபாடி இருந்த குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்தில் நோய் வந்திருந்தது. ஒரு வகை மட்டும் இருந்தவர்களில் சுமார் 15 சதவீதம்தான்.

சரி, முன்கூட்டியே தெரிந்து என்ன லாபம்? 2022 நவம்பரில் அமெரிக்கா டெப்லிசுமாப் மருந்தை அனுமதித்தது. அப்போது எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 14 நாள் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நோயைத் தடுக்காது, சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்துச் சர்க்கரை பார்க்கும் அம்மாவிடம் கேளுங்கள், அது சின்ன விஷயமா என்று.

[திரையில்: தைராய்டு, குடல்]

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. தன்னையே தாக்கப் பழகிய உடம்பு எப்போதும் கணையத்தோடு நிற்பதில்லை. தைராய்டையும் தாக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் வரலாம். பிள்ளை உயரம் ஏறவில்லையா, காரணமில்லாமல் அடிக்கடி சர்க்கரை இறங்குகிறதா? இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டே இருக்காமல், இந்த இரண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.