பெட்டி வந்தாச்சா?

நடுவர் அவர்களே, சேலத்துச் சொந்தங்களே, வணக்கம். 'சினிமாவை வளர்த்தது கலையா, கருவியா?' நான் கருவிக் கட்சி.

முன்னால் பேசிய அக்கா ஒரு போடு போட்டார்: "கருவிதான் பெரிதென்றால், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவு நிற்கிறதே, அங்கே போய் அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரத்தை விட்டுவிட்டு ஒரு கேமராவுக்கு மாலை போடுங்கள்!" கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அக்கா, அந்தச் சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் என்ன படித்தார்? பரதநாட்டியமா? நெசவுத் தொழில்நுட்பம்! மில் நடத்துகிற மாதிரிதான் ஸ்டுடியோவையும் நடத்தினார். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவா கலர் ஃபிலிமில். எம்.ஜி.ஆர். கறுப்பு வெள்ளையிலும் எம்.ஜி.ஆர்.தான் அக்கா. புதுசாக வந்தது கலர்!

சரி, எங்கள் மாமா கதைக்கு வருகிறேன். டூரிங் கொட்டகை ஆபரேட்டர். ஒரே பிரிண்ட், இரண்டு கொட்டகை. அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டியில் ஏறி, சைக்கிளில் இங்கே வரவேண்டும். 1000 அடி ரீல், 11 நிமிடம்தான் ஓடும். ஒருநாள் சைக்கிள் பஞ்சர். இங்கே வில்லன் செத்துவிட்டான், அடுத்த ரீல் இல்லை. ஒரே விசில். "பெட்டி வந்தாச்சா?" மாமா என்ன செய்வார்? ஓடின ரீலையே திருப்பிச் சுற்றி மாட்டினார். செத்தவன் எழுந்து குதிரை ஏறினான்! தரை டிக்கெட் பாட்டி ஒருத்தி, "அடப்பாவி, நீ இன்னும் சாகலையா?" என்று மணலை வாரித் தூற்றினாள். மறுபடி செத்தான். சைக்கிளைக் காணோம். மூன்றாம் முறை அவன் குதிரை ஏறியபோது பாட்டி எழுந்தே நின்றுவிட்டாள். "பாவம், விட்டுடுங்கடா! ஒருத்தன் எத்தனை தடவைதான் சாவான்?"

வில்லன்மேல் இரக்கம் வரவைத்தது எந்தக் கதாசிரியர் அக்கா? பஞ்சரான சைக்கிள்!

அப்புறம் டிஜிட்டல் வந்தது. பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் ஆனது. மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். போன பொங்கலுக்கு அவரைப் புதுத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். திரையைப் பார்க்கவே இல்லை. திரும்பித் திரும்பிப் பின்சுவர் ஓட்டையையே பார்த்தார். அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் வெளிச்சம் தந்த கார்பன் குச்சியை எரிய எரியத் தள்ளிக்கொடுத்த கை மாமாவுடையது.

"கார்பனை யாருடா தள்ளிவிடறது?"

"இப்போ கார்பனே இல்லை மாமா."

"அப்ப ஆளும் இல்லையா?"

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.