இஞ்சி வணிகரும் அரசிதழும்: துணைவிதி அறிவிப்புகள் குறித்து ஒரு சொற்பொழிவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். குடியிருப்போர் நலச் சங்கங்களிலிருந்தும் வணிகர் சங்கங்களிலிருந்தும் ஒரு வேலை நாளின் மாலையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே முகவுரையை நீட்டாமல் ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

குஜராத் மாநிலம் கோத்ராவில், உரிமம் பெறாமல் இஞ்சி வணிகம் செய்தார் என்று ஒருவர்மீது வேளாண் விளைபொருள் சந்தைக் குழு வழக்குத் தொடுத்தது. 1968-இல் வெளியான ஓர் அறிவிக்கையின்படி, உரிமம் தேவைப்படும் விளைபொருள்களின் பட்டியலில் இஞ்சியும் சேர்ந்திருந்தது. அறிவிக்கை அரசிதழில் அச்சாகியிருந்தது. ஆனால் அம்மாநிலத்தின் 1963-ஆம் ஆண்டுச் சந்தைச் சட்டம், அரசிதழோடு நில்லாமல், அந்தப் பகுதியில் மக்கள் வாங்கிப் படிக்கும் நாளிதழ் ஒன்றிலும் குஜராத்தி மொழியில் வெளியிட வேண்டும் என்று கூறியிருந்தது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். கீழ் நீதிமன்றம் வணிகரை விடுவித்தது; உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு 10 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மனிதர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1975-இல் வென்றார். அரசிதழைவிட நாளிதழே மக்களின் கண்ணில் படுகிறது என்பது எல்லோரும் அறிந்த உண்மை. மீறினால் தண்டனை உண்டு என்னும்போது, உரியவர்களுக்குத் தெரியும்படி சொல்லியே ஆக வேண்டும். அதுவும் அவர்கள் படிக்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இன்று நான் பேச வந்த பொருள் இந்த வழக்குக்குள் முழுதாக அடங்கியிருக்கிறது. மாநகராட்சி ஒரு துணைவிதியை, அதாவது ஒரு சட்டம் தந்த அதிகாரத்தின்கீழ் உள்ளாட்சியே வகுக்கும் விதியை, இயற்ற முனையும்போது, ஒரு வரியை உயர்த்தத் தீர்மானிக்கும்போது, ஒரு தெருவின் நிலப் பயன்பாட்டை மாற்றும்போது, அதனால் பாதிக்கப்படுகிறவர் அதை முன்கூட்டியே அறிந்துகொண்டாரா என்ற கேள்வியை எந்த அலுவலகமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில்லை. அறிவிப்பு வெளியான தாளின் நகல் கோப்பில் சேர்ந்ததும் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுகிறார்கள்.

சட்டம் அப்படிக் கருதச் சொல்லவில்லை. சட்டங்களுக்குப் பொதுவான விளக்கங்களையும் நடைமுறைகளையும் தருவதும் வழக்குரைஞர்கள் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று சொல்வதுமான 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, வரைவை முன்கூட்டி வெளியிட்ட பிறகே ஒரு விதியையோ துணைவிதியையோ இயற்ற வேண்டும் என்று மூலச் சட்டம் கூறுமானால், வரைவைப் பாதிக்கப்படக்கூடியவர்களின் தகவலுக்காக வெளியிட வேண்டும், எந்த நாளில் அல்லது எந்த நாளுக்குப் பிறகு அது பரிசீலிக்கப்படும் என்பதைக் குறிப்பிட வேண்டும், வந்த ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அதன் கடைசிக் கூறு, விதி முறைப்படி இயற்றப்பட்டது என்பதற்கு அரசிதழ் வெளியீடே முடிவான சான்று என்கிறது. இடையில் செய்ய வேண்டியதையெல்லாம் அரைகுறையாகச் செய்யும் துணிவு அலுவலகங்களுக்கு இந்தக் கடைசி வரியிலிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

1960-களின் நடுவில் ராம்பூர் நகராட்சியின் தண்ணீர் வரி குறித்த வழக்கொன்றும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உத்தரப் பிரதேச நகராட்சிச் சட்டம் இந்திப் பத்திரிகையில் வெளியிடச் சொல்லியிருந்தது. நகராட்சியோ உருதுப் பத்திரிகையில் வெளியிட்டிருந்தது. வெளியிடுவது கட்டாயம், ஆனால் வெளியிடும் முறை சாரமான அளவுக்கு நிறைவேறியிருந்தால் போதும் என்று நீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறி வரியை நிலைநிறுத்தியது. இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராம்பூரில் செய்தி மக்களிடம் போய்ச் சேர வழியிருந்தது. கோத்ராவில் அந்த வழியே திறக்கப்படவில்லை.

இனி, நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தபோது, உள்ளாட்சிகள் ஓராண்டுக்குள் தத்தம் துணைவிதிகளை இயற்ற வேண்டும் என்று அவை பணித்தன. பயன்பாட்டுக் கட்டணமும் உடனடி அபராதமும் அந்தத் துணைவிதிகளில்தான் வர வேண்டியிருந்தது. அதன்படி ஒரு நகரத்தில் வரைவு வெளியாயிற்று. ஊரின் பெயர் வேண்டாம். நாளிதழின் உட்பக்கத்தில், மணமகன் தேவை விளம்பரங்களுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்தில் அறிவிப்பு இருந்தது. வரைவின் உள்ளடக்கம் அதில் ஒரு வரிகூட இல்லை. அலுவலக நேரத்தில் நேரில் வந்து பார்வையிடலாம் என்று மட்டும் இருந்தது. நான் போனபோது ஆட்சேபணை தெரிவிக்கும் கெடுவில் மூன்று நாள்களே மீதமிருந்தன. எழுத்தர் ஒருவர் இரும்பு பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்தார், முழுவதும் ஆங்கிலம். நகல் எடுக்க அனுமதி இல்லை என்றதால் நின்றுகொண்டே படித்தேன். பக்கத்தில், தொழில் உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்த இட்லிக் கடைக்கார அம்மா ஒருவர், கோப்பையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கள மாதிரி கடைக்கு என்னங்க சார் போட்டிருக்கு?" என்று கேட்டார். அவருடைய கடைக்கு மாதக் கட்டணம் எவ்வளவு, குப்பையைப் பிரிக்காவிட்டால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கோப்பின் பின்னிணைப்பில் இருந்தன. தற்செயலாக என்னருகில் நின்றதால் அவருக்குத் தெரிந்தது. அந்த வீதியில் இருந்த மற்ற கடைக்காரர்களுக்கு, ரசீதுப் புத்தகத்தோடு ஆள் வந்து நின்ற அன்றுதான் தெரிந்திருக்கும்.

ஒரு காலத்தில் தண்டோரா இருந்தது. ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டி ஆராயச் சொல்லும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைகூட, செய்தித்தாள் எட்டாத இடங்களில் பறையடித்தும் வானொலி, தொலைக்காட்சி வழியாகவும் கருத்துக்கேட்புக் கூட்டத்தை அறிவிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்ட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஒரு சமூகத்து மக்களின் தோளில் சாதி ஏற்றி வைத்த வேலை அது, போக வேண்டியதுதான். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று அதே கடிதம் மாற்று வழியும் காட்டியது. இன்று அந்த ஒலிபெருக்கி வரி கட்டக் கடைசி நாள் என்று சொல்லிக்கொண்டு நம் தெருவுக்கு வருகிறது. வரியை உயர்த்தலாமா என்று கேட்பதற்கும் அது வந்திருக்க வேண்டும்.

மொழியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. நாட்டுக்கே நிலைமை அதுவென்றால், ஒரு மாநகராட்சியின் பீரோவில் ஆங்கிலக் கோப்பு இருந்ததில் வியப்பில்லை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய விவரங்களையெல்லாம் அரசு அமைப்பு தானாக வெளியிட வேண்டும்; உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதியில் எது நன்றாக எட்டும் என்பதையும் கருதி அவற்றைப் பரப்ப வேண்டும்.

வேறு நாட்டு நடைமுறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் டொராண்டோ நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒரு மனையின் நிலப் பயன்பாட்டு விதியை மாற்றுவதானால், பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 20 நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். நாளிதழில் வெளியிடலாம்; அல்லது 120 மீட்டர் தொலைவுக்குள் உள்ள நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, அந்த மனையிலேயே சாலையில் போவோர் கண்ணில் படும்படி பலகை நட வேண்டும். பலகை நடுவது பெரிய செலவில்லை. பால் வாங்கப் போகிறவர் நின்று படிப்பார். வெறும் புல எண்ணை அச்சிட்டால் அது தன் தெருவுக்கு அடுத்த மனை என்று யாருக்குப் புரியும்?

நமக்கென்று இன்னொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர்கள் இதைக் கருத வேண்டும். வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். பகுதி சபையில் இன்று தெருவிளக்கும் கழிவுநீரும் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவையே. அதே சபையில், மாமன்றத்துக்குப் போவதற்கு முன்பு, வரைவுத் துணைவிதியின் தமிழ்ச் சுருக்கம் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். யார் என்ன கட்ட வேண்டும், எது குற்றமாகும், ஆட்சேபணையை எந்த நாளுக்குள் எங்கே கொடுக்க வேண்டும் என்ற மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தை நியாய விலைக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அம்மா உணவகத்திலும் ஒட்டினால், இரண்டு விரல் அகல விளம்பரத்தைவிட நிச்சயமாக அதிகம் பேர் படிப்பார்கள்.

அதுவரை நம் பங்குக்குச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணையைத் தமிழிலேயே எழுதுங்கள். வரைவின் எந்தக் கூறு, உங்களுக்கு அதனால் என்ன இழப்பு, அதற்குப் பதிலாக என்ன வேண்டும் என்று எழுதி, சங்கத்தின் பெயரில் ஒன்றும் தனியாட்களாகப் பலவும் கொடுங்கள். தேதியிட்ட முத்திரையுடன் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். துணைவிதி இறுதியானதும், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் மனு ஒன்று கொடுத்து, எத்தனை ஆட்சேபணைகள் வந்தன, ஒவ்வொன்றின்மீதும் கோப்பில் என்ன குறிப்பு எழுதப்பட்டது, உங்களுடையது ஏன் ஏற்கப்படவில்லை என்று கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். குறிப்பு எதுவும் இல்லை என்று பதில் வருமானால், அந்தத் தாளையும் ஒப்புகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வழக்குரைஞரைப் பாருங்கள்.