இரண்டு ஒக்டோபர் 30

(வலிகாமத்தின் ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, நிலைய நிர்வாகிகளே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

பேரழிவுகளிலிருந்து ஒரு சமூகம் எப்படி எழுகிறது என்று பேசக் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு இதற்குப் பிறநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

1990இல் அரசின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய ஒரு திரி; அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். 2022இல் நாடு கடனில் முடங்கி, எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில், நம் முதியவர்கள் பதறவில்லை. பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கெட்டித்தனம் மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடவில்லை. இராணுவம் முன்னேறி வர, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் புறப்பட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது மழை பெய்தது. தண்ணீர் விடாய்த்தவர்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள். மறுகரையில் தென்மராட்சி மக்கள் படலையைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள். விறாந்தையில் ஒன்று, மாட்டுக்கொட்டிலில் ஒன்று, மாமரத்தின் கீழ் ஒன்று. கிணறு ஒன்றுதான். முன்பின் தெரியாதவர்களுக்கு மாதக்கணக்கில் அந்தக் கிணற்றைக் கொடுத்தார்களே, அதனால்தான் 1996இல் திரும்பி வர நமக்கு உயிர் இருந்தது. நாம் எழுந்தது அவர்களுடைய முற்றத்திலிருந்து.

இனி, மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

அந்த 1995 இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முன்பு, 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சோனகர் தெரு ஒரே நாளில் வெறிச்சோடிப் போனது. வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் துரத்தப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

ஒரே திகதி, ஒரே ஊர். ஒன்றை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். மற்றதைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தையற்கடையும் இரும்புக்கடையும் நடத்திய அயலவர்கள் எங்கே என்று அவர்கள் கேட்டதே இல்லை. கேட்கும்படி நாம் வளர்க்கவில்லை. அவர்கள் இல்லாத யாழ்ப்பாணத்தை நாம் பழகிக்கொண்டோம். அப்படிப் பழகியதையும் மீட்சிக் கணக்கில் சேர்ப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சித் தெருவோரத்தில் படங்களோடு இருந்தார்கள். “நடந்தது நடந்துவிட்டது, இனி ஆகவேண்டியதைப் பாருங்கள்” என்று அவர்களிடம் கொழும்பு சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாத தாய் எதைக் கடந்து போவாள்? அதே வார்த்தையைப் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து இடிந்த சுவரின் முன் நிற்பவரிடம் நாமும் சொல்லக் கூடாது.

இந்த நிலையத்தில் வாசிகசாலை இருக்கிறது, மாலையில் கூடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கொப்பியை எடுத்து, 1995இல் நடந்து போனவர்களின் அனுபவங்களை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். அந்தப் பெரியவர்கள் நெடுநாள் நம்மோடு இருக்கப் போவதில்லை. ஆனால் முதல் கூட்டத்துக்குச் சோனகர் தெருப் பெரியவர்களை அழையுங்கள். புத்தளத்தில் இருப்பவர்களுக்கு பஸ் செலவை நாம் கொடுப்போம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் தந்துவிட்டுப் போகிறேன்.